கோணமலைக் கல்லா, வடகடல் மணலா? புகையைப் புதைக்க ஏற்ற பாறை எது

திருக்கோணமலைக்காரரிடம் உறுதி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கை தானாகக் கோணேசர் மலைப் பக்கம் நீளும். அதனால்தான் மின்நிலையப் புகையிலிருந்து பிரித்தெடுத்த காபனீரொட்சைட்டை நிலத்துக்கடியில் புதைக்கும் பேச்சு வந்தால் இங்கே முதலில் விழும் வார்த்தை, "எங்கட கல்லுக்குள்ள போட்டா ஆயுசுக்கும் வெளிய வராது" என்பது. நானே மூன்று பேரிடம் கேட்டிருக்கிறேன். அதில் ஒருவர் பொறியியல் படித்தவர்.

மூவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: கோயிலுக்குப் போகும் வழியில் இராவணன் வெட்டை ஒருதரம் எட்டிப் பாருங்கள். இராவணன் வாளால் வெட்டியதென்பது ஐதீகம். பாறையின் கண்ணால் பார்த்தால் அது ஒரு பிளவு. வளையவும் தெரியாத, நசியவும் தெரியாத கல், தாங்க முடியாதபோது செய்யும் ஒரே காரியம் அது. புகையைப் புதைக்க நமக்கு வேண்டியது நேரெதிரான குணம். இடம் கொடுக்கிற, கொஞ்சம் நசிகிற பாறை கீழே. களிமண் போல இறுக்கமாக மூடுகிற பாறை மேலே.

எங்கள் மாவட்டத்துச் சம்பூரை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். அங்கே 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் வருவதாக இருந்து 2016 இல் கைவிடப்பட்டது. வந்திருந்தால், ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு என்ற பொதுக் கணக்கில், ஆண்டுக்கு 30 இலட்சம் தொன் அளவில் வந்திருக்கும். இந்த 30 இலட்சம் தொன்னைக் கொண்டுபோய் ஒவ்வொரு பாறையின் வாசலிலும் நின்று கேட்போம்.

வள்ளம் தள்ளுகிற கணக்கு

பாறைக்குள் வாயுவைச் செலுத்தினால் நிலம் ஏன் அசைய வேண்டும்? உப்புவெளிக் கரையில் வள்ளம் தள்ளுகிறவர்களைக் கவனித்தவர்களுக்கு இது விளங்கும். உலர்ந்த மணலில் ஆறு பேர் சேர்ந்தும் நகராத வள்ளம், ஓர் அலை வந்து அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் இரண்டு பேரின் தள்ளலில் வழுக்கிப் போகும். வள்ளத்தின் நிறை குறையவில்லை. மணலை அது அழுத்துகிற விசைதான் குறைந்தது.

ஒரு கிலோமீற்றர் ஆழத்தில் மேலுள்ள பாறையின் பாரம் 23 முதல் 25 மெகாபாஸ்கல் வரை அழுத்துகிறது. துளைகளில் ஏற்கெனவே இருக்கும் நீர் ஏறத்தாழ 10 மெகாபாஸ்கலால் எதிர்த்துத் தூக்குகிறது. மிச்சம்தான் பாறையின் பிளவுகளை இறுக்கிப் பிடித்திருக்கிறது. இதைப் பயனுறு தகைப்பு என்கிறார்கள். கடந்த நூற்றாண்டின் இருபதுகளில் தெர்சாகி என்ற பொறியியலாளர் மண்ணுக்காகச் சொன்ன விதி. காபனீரொட்சைட்டைச் செலுத்தினால் அந்த 10 கூடும். கூடக்கூடப் பிடி தளரும். பழைய முறிவு ஒன்று வழுக்கத் தயாரான கோணத்தில் கிடந்தால், வள்ளம் நகர்ந்த மாதிரி அது நகரும். நமக்கு அது நில அதிர்வு.

ஆழத்தைக் குறைத்துத் தப்பவும் வழியில்லை. காபனீரொட்சைட்டு 31 பாகை செல்சியசுக்கும் 7.4 மெகாபாஸ்கலுக்கும் மேலே போனால்தான் திரவம் போல அடர்ந்து குறைந்த இடம் பிடிக்கும். அதற்கு 800 மீற்றராவது கீழே போயாக வேண்டும்.

ஆகவே, எத்தனை தொன் என்பதைவிட, அத்தனை தொன்னுக்கு அமுக்கம் எவ்வளவு கூடும் என்பதே கேள்வி. அதைத் தீர்மானிப்பது பாறை.

முதலில் எங்கள் கருங்கல்

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை. திருமலையும் அதற்குள்தான்: குவாற்சைற்று, சாணக்கைற்று, நைஸ். உள்ளே துளைகள் இல்லை என்றே சொல்லலாம்; நூற்றில் ஒரு பங்குகூட வராது.

சம்பூர்க் கணக்கைப் போடுவோம். 30 இலட்சம் தொன், ஆழத்தில் கனமீற்றருக்கு 600 கிலோ அடர்த்தி என்றால், ஆண்டுக்கு 50 இலட்சம் கனமீற்றர் இடம் வேண்டும். நுண்டுளைமை, அதாவது பாறையில் துளைகளின் பங்கு, 0.5 சதவீதமான கல்லில், ஒரு துளைகூட மிச்சமில்லாமல் நிரப்பினாலும், ஒரு கன கிலோமீற்றர் பாறை ஓர் ஆண்டிலேயே முடிந்துவிடும். நடைமுறையில் துளைகளின் சிறு பங்கே நிரம்பும் என்பதால் தேவைப்படும் பாறை இதைப்போல பல மடங்கு. இந்த ஒரு கணக்கோடேயே கட்டுரையை நிறுத்தியிருக்கலாம். ஆனால் "இடமில்லை" என்பதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு.

கல்லில் நீர் போகும் வழி துளையல்ல, வெடிப்பு. குழாய்க்கிணறு தோண்டிய எவருக்கும் இது தெரியும். எங்கள் மாமா வளவில் 60 மீற்றர் இறக்கியும் தூசிதான் வந்தது. இருபது மீற்றர் தள்ளி அடுத்த வளவில் பாதி ஆழத்திலேயே தண்ணீர் பீறிட்டது. ஒரு கிணறு வெடிப்பில் பட்டது, மற்றது படவில்லை. மாமா இன்றுவரை தண்ணீர் பார்த்துச் சொன்னவரைத்தான் திட்டுகிறார்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இதற்கு இன்னும் நல்ல சாட்சி. இங்கே எரிமலை கிடையாது. மழைநீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு, வேறு வெடிப்பு வழியே மேலே வருகிறது. ஏழு கிணறுகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் வந்த வழி வேறு. அவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீர் ஏறி வருகிற வழியில், தண்ணீரைவிட இலேசான காபனீரொட்சைட்டு ஏறி வராது என்று யார் உத்தரவாதம் தருவது?

இனி வெப்பம். செலுத்தப்படும் காபனீரொட்சைட்டு ஆழத்துப் பாறையைவிடக் குளிராக இருக்கும். குளிர்ந்த பாறை சுருங்கப் பார்க்கும். சுற்றியுள்ள பாறை விடாது. அந்த இழுபறியில் பிறக்கும் தகைப்பு, பாறையின் விறைப்பைப் பொறுத்தது. வழமையான பெறுமானங்களைப் போட்டால், 20 பாகை குளிர்ந்தபோது, விறைப்பின் அளவான யங்கின் மட்டு 60 கிகாபாஸ்கலான கருங்கல்லில் 12 மெகாபாஸ்கலுக்கு மேல் இழுவை வருகிறது. 1 கிகாபாஸ்கல் அளவான இளகிய மணற்படையில் அது கால் மெகாபாஸ்கலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். குளிர்ந்த தண்ணீர் பட்ட சூடான கண்ணாடிக் குவளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

உராய்வும் ஒரு பொறி. கருங்கல் முறிவுகளின் உராய்வுக் குணகம் 0.6 க்கும் 0.85 க்கும் இடைப்பட்டது. களிமண் நிறைந்த முறிவுகளில் அது 0.2 முதல் 0.4. கேட்டால் கருங்கல்தான் நல்லது போலத் தோன்றும். ஆனால் களி வழுக்கும்போது மெல்ல ஊர்ந்து போகும். கருங்கல் கடைசிவரை பிடித்திருந்து ஒரே வெட்டாக விடும். அதிர்வு பிறப்பது அந்த வெட்டில்.

அனுபவமும் இதையே சொல்கிறது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் 2006 இல் புவிவெப்பத் திட்டமொன்றுக்காக 5 கிலோமீற்றர் ஆழக் கருங்கல்லுக்குள் ஏறத்தாழ 11,500 கனமீற்றர் தண்ணீரைச் செலுத்தினார்கள். 3.4 அளவில் நிலம் அதிர்ந்தது; திட்டம் கைவிடப்பட்டது. தென்கொரியாவின் பொகாங்கில் 2017 நவம்பரில் வந்தது 5.5. அதைக் கிளப்பிவிட்டது புவிவெப்பக் கிணறுகளுக்குள் தண்ணீர் செலுத்தியதே என்று அந்நாட்டு அரசு அமைத்த ஆய்வுக்குழு 2019 இல் சொன்னது. இரண்டும் தண்ணீர், காபனீரொட்சைட்டு அல்ல என்பது உண்மை. ஆனால் பிளவின் பிடியைத் தளர்த்துவது அமுக்கம்; அதை எந்தப் பாய்மம் கொண்டு வந்தது என்று பிளவு பார்ப்பதில்லை.

வடகடல் மணல்

மறு அந்தம், வடகடலில் நோர்வேயின் சிலைப்னர் வாயு வயல். 1991 இல் நோர்வே காபன் வரி போட்டது. இயற்கை வாயுவோடு ஒன்பது சதவீதமளவில் காபனீரொட்சைட்டும் வருகிற வயல் அது. காற்றில் விட்டால் வரி, புதைத்தால் இல்லை. 1996 இல் புதைக்கத் தொடங்கினார்கள், ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன் அளவில்.

கடலடியில் 800 முதல் 1,000 மீற்றர் ஆழத்திலுள்ள உற்சிரா என்ற மணற்படை, பாறை என்று சொல்லவே கூச்சப்படும் அளவுக்கு இளகியது. கையில் எடுத்தால் நிலாவெளி மணல் மாதிரி உதிரும். நுண்டுளைமை 35 முதல் 40 சதவீதம், தடிப்பு 200 மீற்றருக்கு மேல், பரப்பு இருபதாயிரம் சதுர கிலோமீற்றரைத் தாண்டும். பாய்மத்தை ஊடுபுகவிடும் தன்மை, அதை அளக்கும் அலகான டார்சியில், ஒன்றுக்கு மேல். செலுத்திய காபனீரொட்சைட்டு தள்ளிய உவர்நீர் இந்தப் பரப்பெங்கும் விலகிப் போக இடம் இருந்ததால் அமுக்கம் கணிசமாகக் கூடவே இல்லை. அமுக்கம் கூடாவிட்டால் வள்ளத்தைத் தூக்க அலை இல்லை.

மணலுக்கு இடையிடையே மெல்லிய களிப்படைகள் கிடந்தன. ஆரம்பத்தில் அவற்றை யாரும் பெரிதாக எண்ணவில்லை. நிலநடுக்க அலைகளால் எடுத்த படங்களில் காபனீரொட்சைட்டு ஒன்பது தட்டுகளாக, அப்பம் அடுக்கிய மாதிரி பரவியிருந்தது. ஒரே குவியலாக உச்சிக்கு ஏறி மூடியை முட்டுவதற்குப் பதில் தட்டுத் தட்டாகத் தங்கிப் போனது. மேலே நூற்றுக்கணக்கான மீற்றர் களிமூடி. வெடித்தால் தானாக நெருங்கி அடைத்துக்கொள்ளும் குணம் களிக்கு உண்டு. கருங்கல்லுக்கு அது கனவிலும் வராது.

சம்பூரின் 30 இலட்சம் தொன்னை இங்கே மூன்று சிலைப்னராக நினைக்கலாம். உற்சிரா பொறுக்கும். என் வாக்கு இதற்குத்தான்.

நடுவில் சிக்கியது: இறுகிய மணற்கல்

மணல் என்றால் எல்லாம் நல்லது என்று மேலே வாசித்தவர் நினைத்திருந்தால், அல்ஜீரியாவுக்குப் போவோம். இன் சலாவில் 2004 முதல் 2011 வரை ஏறத்தாழ 38 இலட்சம் தொன் புதைத்தார்கள். அதுவும் மணற்கல்தான். ஆனால் 1,900 மீற்றர் ஆழம், தடிப்பு வெறும் 20 மீற்றர், ஊடுபுகவிடும் தன்மை 10 மில்லிடார்சி அளவில். உற்சிராவில் நூறில் ஒன்றுக்கும் கீழே. கூட்டத்தைக் கோயில் வீதியால் விடுவதற்கும் வீட்டுக் கோடிக்குள்ளால் விடுவதற்கும் உள்ள வித்தியாசம். உள்ளே போகவைக்கவே அமுக்கத்தைக் கூட்ட வேண்டியிருந்தது.

பாலைவனத் தரை ஆண்டுக்கு 5 மில்லிமீற்றர் அளவில் உயர்வதைச் செய்மதி ரேடார் கண்டது. மொத்தம் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர். இதை நாமே ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். அமுக்கம் 10 மெகாபாஸ்கல் கூடியது, யங்கின் மட்டு 10 கிகாபாஸ்கல், பக்கவாட்டு விரிவைக் காட்டும் பொய்சன் விகிதம் 0.2, பக்கவாட்டில் விரிய இடமில்லை என்று எடுத்தால் ஒவ்வொரு மீற்றர் தடிப்பும் 0.9 மில்லிமீற்றர் உப்பும். இருபது மீற்றருக்கு 18 மில்லிமீற்றர். உயர்தரப் பௌதிகவியல் மாணவன் போடக்கூடிய கணக்கு, செய்மதி கண்டதோடு கைகோத்து நிற்கிறது. எனக்கு இந்தத் துறையில் பிடித்த இடம் இது.

இங்கே ஒருவர் மடக்குவார்: யங்கின் மட்டை 60 ஆக்கினால் உப்பல் 3 மில்லிமீற்றர்தானே, அப்படியென்றால் விறைத்த கல்தானே நிலத்தை அசையாமல் வைத்திருக்கிறது? உப்பல் குறையும், சரி. உள்ளே கூடிய அமுக்கம் அப்படியே இருக்கும். தரை உயராததைப் பார்த்து நிம்மதியாக இருப்பது, காய்ச்சல்காரரின் வெப்பமானியை ஒளித்துவைப்பதற்குச் சமம்.

இன் சலாவில் வில்லங்கம் உயரத்தில் வரவில்லை, வடிவத்தில் வந்தது. மூன்று கிணறுகளில் ஒன்றைச் சுற்றித் தரை ஒரு மேடாக எழாமல் இரட்டைத் திமில் போல எழுந்தது. கீழே செங்குத்தான பிளவு ஒன்று வாய் திறந்தால்தான் மேலே அந்த வடிவம் வரும். களிமூடி 900 மீற்றருக்கு மேல் தடிப்பானது. பிளவு அதன் அடிப்பகுதிக்குள் புகுந்திருக்கலாம் என்ற ஐயத்தோடு 2011 இல் செலுத்துவதை நிறுத்தினார்கள். மூடியைக் கடந்து மேற்பரப்புக்கு எதுவும் வரவில்லை. வந்த ஒரு சிறு கசிவும் பழைய ஆய்வுக் கிணறொன்றின் வாயால் வந்தது. பாறை காத்ததை மனிதன் போட்ட துளை விட்டுவிட்டது.

அமெரிக்காவின் டெகேற்றரில் புதைத்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2011 முதல் 2014 வரை பத்து இலட்சம் தொன், இரண்டு கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், தடித்த நல்ல மணற்கல்லில். ஆயிரக்கணக்கான நுண்ணதிர்வுகள் பதிவாகின; மனிதருக்கு உணர முடியாதவை. அவற்றில் பல எங்கே பிறந்தன என்று பார்த்தால், மணற்கல்லுக்கு அடியில் கிடந்த பழைய கருங்கல்லில். எங்கள் கல்லின் உறவுக்காரர். மணலைத் தெரிந்தெடுத்தால் போதாது, அதற்குக் கீழே யார் குடியிருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும்.

கறுப்புக் கல்

கல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு ஐஸ்லாந்து ஒரு வழி வைத்திருக்கிறது. ஹெலிஷெய்டி மின்நிலையத்துக்குப் பக்கத்தில் 2012 இல் காபனீரொட்சைட்டைத் தண்ணீரில் கரைத்து, சோடாவாக, 400 முதல் 800 மீற்றர் ஆழப் பசோல்ட்டுக்குள் விட்டார்கள். பசோல்ட்டில் கல்சியமும் மக்னீசியமும் இரும்பும் தாராளம். சோடா அவற்றைக் கரைத்து, காபனேற்றாகப் படியவைத்தது. இரண்டு ஆண்டுக்குள் 95 சதவீதம் கல்லாகிவிட்டதாக 2016 இல் அறிவித்தார்கள்.

ஸ்திரத்தைப் பொறுத்தவரை இதன் அழகு வேறு. காபனீரொட்சைட்டு கரைந்த நீர் சாதாரண நீரைவிடக் கனமானது; மேலே ஏறாது, மூடியை நம்பி வாழத் தேவையில்லை. குறை, தண்ணீர். ஒரு தொன்னுக்கு 25 தொன் அளவில் வேண்டும். சம்பூருக்கு ஆண்டுக்கு ஏழரைக் கோடித் தொன் தண்ணீர். இதைக் கந்தளாய்க் குளத்திலிருந்து கேட்டால் வயற்காரர் மண்வெட்டியோடு வருவார்கள், நானும் அவர்கள் பக்கம்தான் நிற்பேன். கடல் நீரைக் கொண்டு செய்து பார்க்கும் முயற்சிகள் நடக்கின்றன.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அதே ஹெலிஷெய்டியில் 2011 இல், காபனீரொட்சைட்டுத் திட்டத்தோடு தொடர்பில்லாமல், மின்நிலையக் கழிவுநீரை நிலத்துக்குள் திருப்பி விட்டபோது 4 ஐ நெருங்கிய அதிர்வுகள் வந்தன. பாறை எவ்வளவு நல்ல இரசாயனம் செய்தாலும், முறிவுள்ள இடத்தில் அமுக்கம் அமுக்கம்தான்.

மிச்ச இரண்டும்

வாயு எடுத்து முடிந்த வயல்களை ஐரோப்பாவில் பலர் முதல் தெரிவாக வைக்கிறார்கள். மூடி கோடிக்கணக்கான ஆண்டுகள் வாயுவைப் பிடித்து வைத்திருந்தது என்பது எந்தப் பரிசோதனையையும்விடப் பெரிய சான்று. ஆனால் வாயுவை எடுத்தபோதே பாறை நசிந்திருக்கும். நெதர்லாந்தின் குரோனிங்கனில் அப்படி நசிந்து தரை தாழ்ந்தது. 2012 இல் 3.6 அளவில் அதிர்ந்தது. திருப்பி நிரப்பினால் நசிந்ததெல்லாம் நிமிராது. பழைய கிணறுகளும் தலையிடி. நமக்கு இந்தத் தெரிவு எப்படியும் இப்போதைக்கு இல்லை. மன்னார்ப் படுகையில் 2011 இல் வாயு கண்டுபிடித்தார்கள், எடுக்கவில்லை. வெறுமையாகாத பானையில் எதை ஊற்றுவது?

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லைப் பற்றி ஒரு வரி: நிலாவரைக் கிணற்றை உண்டாக்கியதே மழைநீரில் கரைந்த காபனீரொட்சைட்டுத்தான். கரைத்துக் குகையாக்குகிற திரவத்தை, முழுக் குடாநாடும் குடிக்கும் நீருக்குப் பக்கத்தில் விடச் சொல்பவரோடு நான் விவாதிக்கத் தயாரில்லை.

அப்போ திருமலைக்கு?

"குடாவிலேயே இவ்வளவு ஆழம் இருக்கே, கடலுக்கடியில போட்டால் என்ன?" என்று பொறியியல் நண்பர் கேட்டார். கொட்டியாரக் குடாவிலிருந்து கிளம்பும் கடலடிப் பள்ளத்தாக்கு செங்குத்தாக இறங்கி ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்குப் போகிறது. கண்டமேடை ஒடுக்கம். சிலைப்னரில் கடலடி தட்டை, தண்ணீர் எண்பது மீற்றர் அளவு. இங்கே சரிவு. சரிவில் கிடக்கும் வண்டலுக்குள் அமுக்கத்தைக் கூட்டுவது, மழைக்காலத்தில் பதுளைப் பக்கத்து மலைகளில் வருகிற மண்சரிவையே கடலடியில் அழைப்பது. 2004 டிசம்பரைப் பார்த்த கரையில் இதை நான் இரண்டாம்முறை யோசிக்கமாட்டேன்.

ஆக, திருமலையின் புகைக்குத் திருமலையில் இடமில்லை. இலங்கைக்குள் பார்க்கத்தக்க இடம் மேற்கே, மன்னார்ப் படுகை. கிலோமீற்றர் கணக்கில் தடித்த படிவுகள் உண்டு, மணற்கல் உண்டு, களிமூடி உண்டு, ஊடே எரிமலைப் படைகளும் உண்டு. மன்னார் இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 150 கிலோமீற்றர். படுகையின் ஆழ்பகுதி அதற்கும் அப்பால். குழாய் போடும் செலவை யோசித்தால், அந்தக் கரையிலேயே நிற்கும் 900 மெகாவாற் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்துக்குத்தான் அது முதலில் பொருந்தும். அங்கேயும் நான் கேட்கும் முதல் தாள் எத்தனை தொன் கொள்ளும் என்ற மதிப்பீடு அல்ல. களிமூடி எந்த அமுக்கத்தில் பிளக்கும் என்று கிணற்றுக்குள் அளந்த எண், முறிவுகள் எந்தத் திசையில் கிடக்கின்றன என்ற வரைபடம், மணற்படையின் அடியில் கருங்கல் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்ற ஆழம். இந்த மூன்றும் இல்லாமல் கொள்ளளவைப் பேசுவது, வளவைப் பார்க்காமல் குழாய்க்கிணற்றுக்கு விலை பேசுவது.

நண்பருக்குக் கொஞ்சம் மனவருத்தம். "அப்ப எங்கட கல்லுக்கு இதில ஒரு வேலையும் இல்லையா மச்சான்?" என்றார். ஒரு வேலை இருக்கிறது. நில அதிர்வுமானி வைக்க, மணலையோ களியையோ விடக் கருங்கல்லே சிறந்தது. மென்மண் அலையைக் குழப்பும், சத்தம் கூட்டும். கல் வந்ததை வந்தபடி கடத்தும். மேற்கே யாராவது ஒருநாள் புதைக்கத் தொடங்கினால், அங்கே பாறை முனகுகிறதா என்று காது கொடுக்க நல்ல இடம், கடல் இரைச்சலுக்கு எட்டாத தூரத்தில், இங்குள்ள ஏதாவதொரு மொட்டைப் பாறை.